அப்பாவின் சதுரம்

தண்ணீர் வாரியத்தில் இருபத்திரண்டு வருடம் மீட்டர் பரிசோதித்தவளுக்கு எவரைக் கண்டாலும் சந்தேகம் வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஒரு வீட்டு வாசலில் நின்றாலே போதும். மீட்டர் மூடிமேல் தூசி இருக்கிறதா, சீல் கம்பி புதிதாக மின்னுகிறதா, வீட்டுக்காரர் தேவைக்கு மேல் சிரிக்கிறாரா என்று ஒரே பார்வையில் பார்த்துவிட்டு, எந்தச் சுவருக்குள் திருட்டுக் குழாய் ஓடுகிறது என்று விரல் வைத்துக் காட்டிவிடுவாள். தெருக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் மீட்டர்க்காரி. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அப்படிப்பட்டவள் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை காலை, கையில் ஒரு கோப்பும் சுருட்டிய பெரிய காகிதமுமாக ஓர் ஆய்வு டாக்டர் வந்து உட்கார்ந்தார். பெண், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கூட்டி வந்தவன் தம்பி.

தம்பி பள்ளியில் பூகோள வாத்தியார். முப்பத்தேழு வயது. இருபதாவது வயதில் அவனுக்கு வந்த நோய்க்கு இருமுனைக் கோளாறு என்று பெயர். மனம் சில மாதம் கூரைக்கு மேலே பறக்கும், சில மாதம் கிணற்றடியில் போய்க் கிடக்கும். பறந்த நாட்களில் ஒருமுறை, பயிற்சிக்குப் போன பள்ளியின் மைதானம் முழுக்கச் சுண்ணாம்புத் தூளால் உலகப் படம் வரைந்து, பிள்ளைகளைக் கண்டம் கண்டமாக நிறுத்தி, ஆறு மணி நேரம் மூச்சு விடாமல் பாடம் நடத்தினான். அன்று கேட்டவர்கள் அப்படியொரு பாடத்தைப் பிறகு கேட்டதே இல்லை என்பார்கள். அடுத்த மாதம் அவன் குளிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. இப்போது பதின்மூன்று வருடமாக லித்தியம் மாத்திரையின் தயவில் தனியாக ஒரு அறை எடுத்து, வேலைக்குப் போய், ஒழுங்காக இருக்கிறான்.

"ஒரே குடும்பத்துல ஒருத்தருக்கு மேல இந்த நோய் வந்திருக்கிற வீடுகளைத் தேடிக்கிட்டிருக்கோம்," என்றார் டாக்டர். "பரம்பரையா எது இறங்கி வருதுன்னு பார்க்கணும். நோய் இருக்கறவங்க ரத்தமும் வேணும், இல்லாதவங்க ரத்தமும் வேணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் வித்தியாசம் தெரியும்."

"தெரிஞ்சு?" என்றாள் மீட்டர்க்காரி.

"உங்களுக்கு உடனே எந்தப் பிரயோஜனமும் இருக்காது. இது ஒரு மரபணு சமாச்சாரம் இல்ல. நூத்துக்கணக்குல சின்னச் சின்ன வித்தியாசங்கள். பத்து வருஷம் ஆகலாம். ஒண்ணுமே கிடைக்காமலும் போகலாம்."

இவ்வளவு உண்மை பேசுகிற ஆளைத்தான் மீட்டர்க்காரி முதலில் சந்தேகப்படுவாள். பதினொரு பக்க ஒப்புதல் படிவத்தை வாங்கி, எழுத்தெழுத்தாகப் படிக்க ஆரம்பித்தாள். டாக்டர் அதற்குள் மேசைமேல் காகிதத்தை விரித்து வம்சப் படம் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. இறந்துவிட்டால் குறுக்கே ஒரு கோடு. தம்பியின் சதுரம் கறுப்பானது. பிறகு அப்பாவின் சதுரம்.

"அப்பாவுக்கும் இருந்ததுன்னு பழைய கேஸ் ஷீட்ல எழுதியிருக்கு. யார் சொன்னது?"

"அவரேதான் சொன்னாரு," என்றாள் அம்மா. எழுபது வயது. மகளோடுதான் இருக்கிறாள். "இவனை முதல்முதல்ல காட்டினப்போ, குடும்பத்துல யாருக்காவது உண்டான்னு டாக்டர் கேட்டாரு. எனக்குத்தான்னு சொன்னாரு."

"அவர் பறந்த காலம் எப்படி இருக்கும்? நிறையப் பேசுவாரா? தூங்காம இருப்பாரா?"

அம்மா யோசித்தாள். "பேசவே மாட்டாரு," என்றாள் கடைசியில்.

டாக்டர் அப்பாவின் சதுரத்தைக் கறுப்பாக்கிவிட்டு, ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார். மீட்டர்க்காரியின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

எட்டாம் பக்கத்துக்கு வந்தபோது அவள் வாய்விட்டே படித்தாள். "குடும்பத்தார் சொல்லும் உறவுமுறைக்கும் பரிசோதனை காட்டும் உறவுமுறைக்கும் வேறுபாடு இருந்தால் அது ஆய்வாளர்களுக்குத் தெரியவரலாம். இது என்ன?"

"அப்பான்னு சொல்றவர் அப்பாவா இல்லாம இருந்தா எங்களுக்குத் தெரிஞ்சுடும். ஆனா யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். அப்புறம், உங்க அனுமதியோட பழைய ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளையும் தேடி எடுப்போம்."

அப்போது அம்மா டீத் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "நான் ரத்தம் குடுக்கலை," என்றாள்.

"ஏம்மா?" என்றான் தம்பி.

"எழுபது வயசுல என் உடம்புல ரத்தமா ஓடுது? விட்டுடு."

வாசல் வரை வழியனுப்பப் போன மீட்டர்க்காரியிடம் டாக்டர் சொன்னார்: "அப்பா இல்லாததால அம்மாவோட ரத்தம்தான் ரொம்ப முக்கியம். எது எந்தப் பக்கத்துலேருந்து வந்ததுன்னு அப்பத்தான் பிரிக்க முடியும். கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

எந்தப் பக்கத்திலிருந்து என்ற சொல் மீட்டர்க்காரியின் காதில் ஈயாகப் புகுந்துகொண்டது. உறவுமுறை என்றதும் அம்மாவின் கை நடுங்கியது ஏன்? அன்றிலிருந்து அவள் டாக்டரைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டு அம்மாவைச் சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

சந்தேகத்துக்குத் தீனி வேண்டுமே, அதுவும் கிடைத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா பழைய சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்புவாள். வருடக் கணக்காக நடப்பதுதான். அந்தச் சிநேகிதி ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை, போன் செய்ததில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அடுத்த முறை அம்மா கிளம்பியபோது, மீட்டர்க்காரி சீருடையோடு பின்னாலேயே அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

அம்மா நுழைந்தது ஒரு மூன்று மாடிக் கட்டடம். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. முதல் மாடியில் பல் டாக்டரும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையமும். இரண்டாம் மாடியில் வக்கீல். அரை மணி கழித்து அம்மா ஒரு நீள உறையைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டே இறங்கி வந்தாள். மீட்டர்க்காரி எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்று கணக்குப் போட்டாள். கண்ணாடி போன வருடம்தான் மாற்றியது. பல் டாக்டராக இருக்க முடியாது, அம்மாவுக்குப் பல்லே பாதிதான். ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பவள் தானாகப் போய் ரத்தம் கொடுக்க மாட்டாள். மிச்சம் வக்கீல். எதையோ எழுதி வைக்கிறாள், எதையோ மறைக்கிறாள். இருபத்திரண்டு வருட அனுபவம் விரலை நீட்டியது. அது தப்பான சுவரைக் காட்டியது அவளுக்கு அப்போது தெரியாது.

ராத்திரி படுக்கையில் வருடங்களை எண்ணினாள். அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது அம்மா எட்டு மாதம் வீட்டில் இல்லை. காசநோய் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றார் அப்பா. அவள் அந்த எட்டு மாதமும் அத்தை வீட்டில் இருந்தாள். அம்மா திரும்பி வந்து எட்டாவது மாதத்தில் தம்பி பிறந்தான். குறைமாசப் பிள்ளை என்றார்கள். எண்ணி முடித்ததும், இதைக் கேட்க அத்தை ஒருத்திதான் இருக்கிறாள் என்று தோன்றியது.

அத்தையைப் பார்த்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அப்பாவின் அக்கா. அப்பா இறந்த அன்று அம்மாவுக்கும் அத்தைக்கும் பேச்சு முற்றி, எல்லோர் முன்னாலும் அம்மா, "உங்க குடும்பத்து ரத்தம்தான் என் பிள்ளையை இப்படி ஆக்கிச்சு," என்று கத்திவிட்டாள். அத்தை செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போனவள், திரும்ப வரவேயில்லை.

அத்தை டெலிபோன் நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கதவைச் சங்கிலியோடு நாலு விரல் அகலம் திறந்தாள்.

"யாரு அனுப்பினா உன்னை?"

"யாரும் அனுப்பலை அத்தை."

"உங்கம்மா இருக்காளா, போயிட்டாளா?"

"இருக்காங்க."

"அப்போ நல்ல சேதி சொல்ல வரலை," என்று சங்கிலியைக் கழற்றினாள். சொன்ன தொனியில் பாதி கேலி, பாதி நிஜம்.

மீட்டர்க்காரி சுற்றி வளைக்காமல் கேட்டாள். "அப்பாவுக்கு அந்த நோய் இருந்துச்சா?"

"அவனுக்கா? அவன் தொட்டில்லயே பேசாதவன். பேசாம இருக்கறது நோய்னா, ஊர்ல பாதி ஆம்பளைங்களை ஆஸ்பத்திரியில சேர்க்கணும். எங்க வீட்டுல எட்டுப் பிள்ளைங்க. எங்கப்பா கூடப்பிறந்தவங்க ஆறு பேரு. ஒருத்தருக்கும் கிடையாது. இதை அன்னிக்கே சொல்லியிருப்பேன், யாரு கேட்டாங்க?"

"அம்மா எட்டு மாசம் ஆஸ்பத்திரியில இருந்தாங்களே..."

அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் சாப்பாடு கட்டிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி அந்தக் காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்படியொரு பேரே ரிஜிஸ்டர்ல இல்லைன்னுட்டாங்க. வந்து உங்கப்பன்கிட்ட கேட்டேன். 'அக்கா, இனிமே அங்க போகாதே'ன்னான். அவ்வளவுதான். சாகுற வரைக்கும் அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியலை."

"நீங்க என்ன நெனச்சீங்க?"

"என்ன நெனைப்பாங்க? யாரோடயோ போனவளைத் திரும்பக் கூட்டிட்டு வந்து வாழறான்னு நெனச்சேன். அவன் செத்தன்னிக்கு அதைத்தான் உங்கம்மாகிட்ட கேட்டேன். என் தம்பி எதை மறைச்சு மறைச்சே செத்தான்னு. அதுக்குத்தான் அவ எங்க ரத்தத்தை இழுத்தா."

மீட்டர்க்காரி வீடு திரும்பும்போது வெயில் இறங்கியிருக்கவில்லை. அம்மா மொட்டை மாடியில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மேலே போனாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பீடிகை ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"அம்மா, தம்பி யாரோட பிள்ளை?"

அம்மாவின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. பிறகு அவள் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. சிரித்து முடித்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"இதைத்தான் கண்டுபிடிச்சியா? இதுக்குத்தான் செவ்வாய்க்கிழமை கண்ணாடிக் கடைக்கு எதிர்ல சீருடையோட நின்னியா?"

மீட்டர்க்காரிக்கு முகம் சுட்டது. "பார்த்தீங்களா?"

"தூரத்துலேருந்தே தெரியுற மாதிரிதானே உங்க வாரியத்துல சட்டை தைச்சுக் குடுத்திருக்காங்க. கீழ போய் என் கைப்பையைக் கொண்டா."

கொண்டு வந்தாள். அம்மா அந்த நீள உறையை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே இருந்தது வக்கீல் காகிதம் இல்லை. ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி, தைராய்டு எப்படி என்ற பரிசோதனை முடிவு. இதைப் போல எத்தனையோ பார்த்திருக்கிறாள். தம்பிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது.

"இது தம்பியோடது."

"மேல பேரைப் படி."

படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். வயது எழுபது, பெண் என்று இருந்தது.

"தினமும் பிரஷர் மாத்திரைன்னு போட்டுக்கிறேனே, அது இதுதான்," என்றாள் அம்மா. "நீ தேடின ஆள் நான்தான். வேற ஆளெல்லாம் இல்லை. உன் தம்பி உங்கப்பாவுக்குப் பொறந்தவன்தான். காது மடலைப் பார்த்தாலே தெரியாதா?"

பிறகு அம்மா சொன்னாள். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, எடுத்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே சொன்னாள். அந்த வருடம் ஐந்து நாள் தூக்கமே இல்லாமல் இருந்தது. சமையலறைச் சுவரெல்லாம் கரியால் எழுதியது. தண்டவாளத்தின் அந்தக் கடைசியில் ஒரு கடல் தனக்காகக் காத்திருக்கிறது என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. ஆறு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே நடக்க ஆரம்பித்தது.

மீட்டர்க்காரிக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் பொத்தி வைத்திருந்த நாள். அம்மா பாடிக்கொண்டே நடந்தாள். அன்றைக்கு மாதிரி அழகாக அவளைப் பிறகு பார்த்ததில்லை. கடைசியில் ஒரு ஆள் பச்சையும் சிவப்புமாகக் கொடிகளைத் தூக்கிக்கொண்டு வேடிக்கையாக ஓடி வந்தான்.

"சரக்கு வண்டி வந்துக்கிட்டிருந்துச்சு," என்றாள் அம்மா. "அந்த ஆள் ரெண்டு பேரையும் பிடிச்சு இழுத்துப் போட்டான். உன் முட்டியில தழும்பு இருக்கே, அது அன்னிக்கு வந்தது."

"நான் அதை ரொம்ப சந்தோஷமான நாள்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"எனக்கும்தான். என் ஆயுசுலயே அவ்வளவு சந்தோஷமா நான் இருந்ததில்லை. அதுதாண்டி நோய்."

எட்டு மாதம் வேறொரு ஊரில் மனநல ஆஸ்பத்திரி. தம்பி பிறந்தபின் இன்னொரு முறை, ஆறு வாரம். அப்போது ஒரு டாக்டர் லித்தியம் கொடுத்தார். அதோடு நின்றுவிட்டது. ஊருக்குத் தெரிந்தால் பிள்ளைகளைத் தன்னிடம் விட மாட்டார்களோ என்ற பயம். அப்பா யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு அது கஷ்டமாகவும் இருக்கவில்லை.

"தம்பியைக் காட்டினப்போ?"

"குடும்பத்துல யாருக்குன்னு டாக்டர் கேட்டாரு. நான் வாயைத் திறந்தேன். உங்கப்பா என் கைமேல கையை வெச்சு, 'எனக்குத்தான்'னுட்டாரு. முந்திக்கிட்டு அவர் பேசினது வாழ்க்கையில அன்னிக்கு ஒருநாள்தான்."

மீட்டர்க்காரிக்கு அழுகை வரவில்லை. அவள் மனம் வேறொரு கணக்கில் நின்றுவிட்டது. நாலு வருடம். தம்பிக்கு முதலில் கொடுத்தது மனச்சோர்வுக்கான மாத்திரைகள். அவை அவனை மேலும் மேலும் தூக்கி எறிந்தன. இரண்டு முறை கட்டிலோடு கட்ட வேண்டி வந்தது. வேலை போனது. அவனுக்காகக் காத்திருந்த பெண் போய்விட்டாள். இருபத்து நாலாவது வயதில்தான் யாரோ ஒரு டாக்டருக்கு லித்தியம் கொடுத்துப் பார்க்கத் தோன்றியது.

"உங்களுக்கு அந்த மாத்திரை கேட்டுச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, அவனுக்கும் முதல்லயே அதைக் குடுத்துப் பார்த்திருப்பாங்களே! நாலு வருஷம்மா!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அப்போ தெரியாது. அவனுக்கு அது கேட்டதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது. ஆனா உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு. ஒருநாள் என் மாத்திரை நாலை எடுத்து அவன் டப்பாவுல போட்டேன். அப்புறம் ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து பொறுக்கி எடுத்துட்டேன்." அம்மா மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "உங்கப்பா இருந்த வரைக்கும் அந்தப் பொய் அவரோடதா இருந்துச்சு. அவர் போனதும் என் தலையில இறங்கிடுச்சு. உங்க அத்தை வந்து கேட்டப்போ, கையில கிடைச்சதை எடுத்து அடிச்சுட்டேன்."

தம்பியிடம் தானே சொல்வதாக அம்மா சொன்னாள். மீட்டர்க்காரி நம்பவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவன் வந்ததும், சாப்பாட்டுக்குக்கூடக் காத்திருக்காமல், அந்தக் காகிதத்தை அவன் முன்னால் வைத்து அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் விடவில்லை. அவன் கடைசிவரை கேட்டான். பிறகு எழுந்து, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போய்விட்டான். அடித்துச் சாத்தியிருந்தால் மீட்டர்க்காரிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் அவன் வரவில்லை. மீட்டர்க்காரி தினமும் போன் செய்வாள். எடுப்பான், "நல்லா இருக்கேன்" என்பான். சொன்ன வேகத்தை அவள் அளந்து பார்ப்பாள். நேற்றைவிட வேகமாகப் பேசுகிறானா, மெதுவாகப் பேசுகிறானா? ஒருநாள் தாங்காமல் பள்ளிக்கே போய், ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கரும்பலகையில் ஒரு நதியை வரைந்துகொண்டிருந்தான். நதி அளவாகத்தான் இருந்தது. அவள் ஓசைப்படாமல் திரும்பி வந்தாள்.

நாலாவது ஞாயிறு வந்தான். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"எனக்குக் கோபம் இருக்கும்மா. அந்த நாலு வருஷத்துக்கு யார்கிட்டயும் நான் கேட்க முடியாது. உங்ககிட்டதான் கேட்பேன். அடிக்கடி கேட்பேன்."

"கேளு," என்றாள் அம்மா.

"இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான் இப்படின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அப்பாவும்னு சொன்னீங்க, அவர் செத்துட்டாரு. பக்கத்து அறையிலேயே ஒருத்தர் இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லலை."

அம்மா தலை குனிந்திருந்தாள். பிறகு அவன் வேறு குரலில் கேட்டான்:

"உங்களுக்கும் வாயில இரும்பு ருசி வருமா?"

"காலையில எழுந்ததும் வரும். சாவியைச் சப்பின மாதிரி."

"கை நடுங்குமா?"

"ஊசியில நூல் கோக்க முடியாது. பார்வை போச்சுன்னு பொய் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"தண்ணி தாகம்?"

"அதைக் கேக்காதே. இந்த வீட்டு மீட்டரையே ஒரு தடவை உங்கக்கா சந்தேகப்பட்டா."

இருவரும் சிரித்துவிட்டார்கள். மீட்டர்க்காரி சமையலறை நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குப் பாஷை தெரியாத ஒரு நாட்டில் இருவரும் போய் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. பொறாமையா, நிம்மதியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ரத்தம் கொடுக்க அடுத்த வியாழக்கிழமை ஆய்வு நிலையத்துக்குப் போனார்கள். மீட்டர்க்காரி வற்புறுத்தி அத்தையையும் வரவழைத்திருந்தாள். முதல்நாளே நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டும் வந்திருந்தாள். டாக்டர் பழைய படத்தை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார். அம்மாவின் வட்டம் கறுப்பானது. அப்பாவின் சதுரம் குறுக்குக் கோடு மட்டும் போட்டு, உள்ளே வெறும் வெள்ளையாக நின்றது. அத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிச்சுடுங்க அண்ணி," என்றாள் அம்மா.

"நீ யாரோடயாவது ஓடிப் போயிருந்தாக்கூட நான் மன்னிச்சிருப்பேன்," என்றாள் அத்தை, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நோய் வந்துச்சுன்னா அதுக்கு நீ என்ன பண்ணுவே? எங்கிட்ட சொல்லியிருந்தா உனக்குச் சாப்பாடு கட்டிக்கிட்டு அங்க வந்திருப்பேன். செத்துப் போனவன்மேல பழியைப் போட்டியே, அதுக்கு நேரம் ஆகும். எனக்கு எழுபத்தாறு. பார்த்துக்க."

சொல்லிவிட்டு, நர்ஸிடம் இடது கையை நீட்டினாள். நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தினார்கள். அம்மா பக்கத்தில் வந்து நின்று, அத்தையின் மறு கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை உதறவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

மீட்டர்க்காரியின் முறை வந்தது. அவளிடம் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டு, நோய் இல்லாதவர் என்று எழுதியிருந்தார்கள்.

"இல்லைன்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?" என்றாள். "எங்க வீட்டுல இருந்தவங்களே நாப்பது வருஷமாத் தெரியாமத்தானே இருந்தோம்?"

"உறுதின்னு சொல்லலை," என்றார் டாக்டர். "இன்னிக்கு வரைக்கும் இல்லைன்னு எழுதியிருக்கோம்."

இந்த முறை அந்தப் பதிலைச் சந்தேகப்பட அவளால் முடியவில்லை. கையெழுத்துப் போட்டாள். சின்னக் குழாய்க்குள் ஏறிய ரத்தத்தைப் பார்த்தாள். அம்மாவுடையது, தம்பியுடையது, அத்தையுடையது, தன்னுடையது என்று நாலு குழாய்கள் ஒரு தட்டில் இருந்தன. எண் ஒட்டியிருந்ததே தவிர, நிறத்தில் ஒன்றும் வித்தியாசமில்லை.

வீட்டில் அவள் மகளுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் படிக்கிறாள். அவளிடம் இனி எதையும் மறைப்பதில்லை என்று மீட்டர்க்காரி வழியிலேயே முடிவு செய்திருந்தாள். சாயங்காலம் கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

மகள் கேட்டுவிட்டு, "எனக்கும் வருமா?" என்றாள்.

"மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகமா வாய்ப்பு உண்டாம். ஆனா நிறையப் பேருக்கு வர்றதே இல்லையாம். தூக்கம் கெட்டா, மனசு ரொம்பப் பறந்தா, எங்கிட்ட வந்து சொல்லு."

"நீதான் நான் சொல்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுடுவியே," என்று எழுந்து பாட்டியின் அறைக்குப் போனாள் மகள்.

அதுதான் மீட்டர்க்காரியின் கவலையும். இனிமேல் பெண் சத்தமாகச் சிரித்தால் கணக்குப் போடுவாள். நேரம் கழித்துத் தூங்கினால் கணக்குப் போடுவாள். அந்தக் கண்ணை எப்படிக் கழற்றி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இப்போதுகூட, அம்மா பேத்தியிடம் எதையாவது குறைத்துச் சொல்கிறாளோ என்று அவள் கால்கள் தானாகப் போய் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றன.

அம்மா குறைக்கவில்லை. தண்டவாளத்தைச் சொன்னாள். கரியால் எழுதிய சுவரைச் சொன்னாள். பேத்தி ஏதோ கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள்.

"நீ இப்படிச் சிரிக்கிறப்போ எங்க பெரியக்கா ஞாபகம் வருதுடி," என்றாள் அம்மா. "பத்தொன்பது வயசுல போயிட்டா. அவளும் நடக்கக் கிளம்பினவதான். அவளைப் பிடிச்சு இழுக்க யாரும் இல்லை."

டாக்டரின் புதுப் படத்தில் அம்மாவோடு பிறந்தவர்கள் என்று இருந்தது இரண்டு சதுரங்கள் மட்டும்தான். இரண்டும் மாமாக்கள். அம்மா சொல்லச் சொல்ல டாக்டர் எழுதியது.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"எந்தப் பெரியக்காம்மா?" என்றாள்.